ஒயர் கனெக்டர் பின்னிலிருந்து கழன்று வருகிறது: டூலை மாற்றவா, சால்டர் வைக்கவா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். நாட்டுக்கோழி முட்டை பொரிப்பான் பெட்டிகளுக்குக் கன்ட்ரோலர் செய்து விற்கிறீர்கள். ஃபேனுக்கும் சென்சாருக்கும் ஜே.எஸ்.டி. கம்பெனியின் எக்ஸ்.எச். வகைக் கனெக்டர் போடுகிறீர்கள். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து ராட்செட் வைத்த கிரிம்பிங் டூல் (பின்னை ஒயர்மேல் நெருக்கி அமுக்குவது) வாங்கியும், பத்துப் பின்னில் மூன்று இழுத்தவுடன் கழன்று வருகிறது, இரண்டு வாழைப்பழம் மாதிரி வளைந்து ஹவுசிங்குக்குள் (பின்கள் உட்காரும் பிளாஸ்டிக் கூடு) போக மறுக்கிறது. விலை கூடின டூல் வாங்கலாமா, இல்லை பேசாமல் சால்டர் வைத்துவிடலாமா என்கிறீர்கள். கேட்டிருப்பது டூலைப் பற்றி. ஆனால் இருபத்தோரு நாள் ஓட வேண்டிய பெட்டியில் பத்தாம் நாள் ராத்திரி ஃபேன் நிற்காது என்று எதை வைத்து நம்புவது என்பதுதான் உங்கள் கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டிகளுக்கு ஒயர் ஹார்னஸ் கட்டும் ஒரு தொழிற்சாலையில், கிரிம்பிங் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவன். இப்போது கோவையில் சின்னதாக ஒரு போர்டு சர்வீஸ் கடை. மெல்லிய ஒயர்கள்தான் எனக்குப் பழக்கம். பேட்டரி கேபிளுக்கு ஹைட்ராலிக் டூலில் லக் அடிப்பது தனி வித்தை, அதற்கு இந்தப் பதிலைப் பொருத்திப் பார்க்காதீர்கள். நீங்கள் போட்ட இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். படங்களைவிட, கீழே போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் உதவியது: “ஒயர் 14/36, நல்ல கனமான ஒயர்தான்.” டூலையும் உங்கள் கையையும் அப்புறம் விசாரிப்போம். முதல் குற்றவாளி அந்த ஒயர்தான்.

நம் கடைகளில் ஒயரை 7/36, 14/36, 7/38, 14/38 என்றுதான் கேட்டு வாங்குகிறோம். முதல் எண், உள்ளே எத்தனை இழை என்பது. இரண்டாவது, ஒவ்வோர் இழையின் கனம், பழைய பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அளவில். 36 என்றால் இழையின் விட்டம் 0.193 மி.மீ., 38 என்றால் 0.152 மி.மீ.; எண் ஏற ஏற இழை மெலியும். கனெக்டர் செய்கிறவர்களோ பின்னுக்கு ஏற்ற ஒயரை அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. கணக்கில் சொல்கிறார்கள், அதிலும் எண் ஏற ஏற ஒயர் மெலியும். கடைக்காரர் ஒரு பாஷை பேசுகிறார், பின் இன்னொரு பாஷை பேசுகிறது. இரண்டுக்கும் பொதுவானது செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, அதைக் கணக்குப் போட்டுவிட்டால் போதும். 36 எண் இழை ஒன்றுக்குச் சுமார் 0.029 சதுர மி.மீ., பதினாலு இழைக்கு 0.41. எக்ஸ்.எச். வரிசையில் பரவலாகப் புழங்கும் பின் 28 முதல் 22 ஏ.டபிள்யூ.ஜி. வரை ஏற்கும். அந்த 22 என்பது 0.33 சதுர மி.மீ.தான். ஆக உங்கள் ஒயர் பின்னின் மேல் வரம்பைக் கால் பங்கு தாண்டி நிற்கிறது. இது செம்புக் கணக்கு மட்டும். மேல்தோலோடு சேர்த்து அந்தப் பின் பிடிக்கக்கூடிய வெளிவிட்டம் 0.9 முதல் 1.9 மி.மீ. வரை. நம்மூர் பி.வி.சி. ஒயர்களில் மேல்தோல் தாராளமாகவே இருக்கும். வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள், 1.9 மி.மீ. தாண்டியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதற்காக மெல்லிய ஒயர் போட்டால் பலம் போய்விடுமே என்று தோன்றும். உங்கள் பெட்டியில் 12 வோல்ட் ஃபேன் இழுப்பது அரை ஆம்பியருக்கும் கீழே, சென்சார் சில மில்லி ஆம்பியர். 7/36 ஒயரின் பரப்பு 0.205 சதுர மி.மீ., அது கிட்டத்தட்ட அச்சாக 24 ஏ.டபிள்யூ.ஜி., பின்னின் வரம்புக்கு நட்டநடுவில் உட்காரும். 7/38 என்றால் 26 ஏ.டபிள்யூ.ஜி., சென்சாருக்கு அதுவே போதும். எக்ஸ்.எச். கனெக்டரின் 3 ஆம்பியர் கணக்கு 22 ஏ.டபிள்யூ.ஜி. ஒயருக்குச் சொல்லப்பட்டது. நீங்கள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை.

இப்போது பின்னைக் கையில் எடுங்கள், முடிந்தால் ஒரு லென்ஸோடு. முன்பக்கம் பெட்டி போன்ற தலை, எதிர்முனையைக் கவ்வும் ஸ்பிரிங் அதற்குள் இருக்கிறது. பின்னால் இரண்டு ஜோடிச் சிறகுகள். தலையை ஒட்டியிருக்கும் குட்டை ஜோடி செம்பு இழைகளைப் பிடிப்பதற்கு. வாலில் இருக்கும் உயரமான ஜோடி மேல்தோலைக் கட்டிப்பிடிப்பதற்கு. மின்சாரம் போவது முதல் ஜோடி வழியாக. இரண்டாவது ஜோடிக்கு மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லை, ஒயர் ஆடும்போது அந்த ஆட்டம் செம்பு வரை போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. ஒரே அமுக்கில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் இரண்டு கோளாறும் தானாகப் பிரிந்துவிடும்.

வாழைப்பழ வளைவு எப்படி வருகிறது? கொள்ளளவுக்கு மேல் செம்பைத் திணித்து ராட்செட் கடைசிப் பல் வரை அமுக்குகிறது. உலோகம் எங்காவது போயாக வேண்டும். பக்கவாட்டில் டையின் (டூலின் வாயிலுள்ள அச்சுப் பள்ளம்) சுவர் தடுக்கிறது, எனவே நீளவாக்கில் பிதுங்குகிறது. சிறகு இருக்கும் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே அளவு நீளாது, பின் வளைந்துவிடும். கனமான மேல்தோலை வாலிலுள்ள பின்ஜோடிச் சிறகுக்குள் அடைத்தாலும் வால் தூக்கிக்கொண்டு இதேதான் நடக்கும். உங்கள் முதல் படத்தில் வால் மேலே தூக்கியிருக்கிறது, சிறகுகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. அது மேல்தோல் கனம்தான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன்.

கழன்று வருவது வேறு கதை. அங்கே நான் ஊகிக்கத்தான் முடியும், ஏனென்றால் கழன்ற ஒயரின் முனையை நீங்கள் படம் எடுக்கவில்லை. இழைகள் நசுங்காமல் உருண்டையாகவே வந்திருந்தால் அமுக்கம் போதவில்லை, அல்லது பின் டைக்குள் தப்பான இடத்தில் இருந்திருக்கிறது. மேல்தோல், செம்பைப் பிடிக்கும் முன்ஜோடிக்குள் நுழைந்திருந்தால் சிறகு பி.வி.சி.யைப் பிடித்திருக்கிறது, செம்பை இல்லை. இழைகள் பாதியில் அறுந்து வந்திருந்தால் உரிக்கும்போதே வெட்டுப்பட்டிருக்கும், அல்லது அளவுக்கு மீறி அமுக்கியிருக்கும். மூன்றும் வெவ்வேறு நோய், மருந்தும் வேறு. அடுத்த தடவை கழன்றால் தூக்கி எறியாமல் முனையைப் பாருங்கள். தொழிற்சாலையில் எனக்குக் கற்றுக்கொடுத்த சூப்பர்வைசர் கழன்ற முனைகளைத் தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்பார், ஒவ்வொரு ஷிப்ட்டும் அதைத்தான் முதலில் திறப்பார்.

கிரிம்ப் என்பது நெருக்கிப் பிடிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு மேலே ஒன்று நடக்கிறது. டையின் மேல்பக்கம் ஆங்கிலச் சின்ன ‘m’ எழுத்து மாதிரி இரட்டை வளைவாக இருக்கும். சிறகுகள் அதில் முட்டி உள்பக்கமாகச் சுருண்டு இழைக்கட்டின் நடுவே இறங்குகின்றன. அந்த அழுத்தத்தில் இழைகளின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் உடைந்து, செம்பும் பின்னும் நேருக்கு நேர் ஒட்டுகின்றன. நன்றாக விழுந்த கிரிம்பைக் குறுக்கே அறுத்துப் பாலிஷ் செய்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டை இழைகளே தெரியாது. தேன்கூட்டு அறைகள் மாதிரி கோணம்கோணமாக, நடுவில் இடைவெளி இல்லாமல் இருக்கும். இடைவெளி இல்லை என்றால் ஈரக்காற்று புகாது, அரிக்காது. உங்கள் பெட்டிக்குள் 37.5 டிகிரி வெப்பம், ஐம்பது அறுபது சதவீத ஈரப்பதம், நாள் முழுக்க ஃபேனின் அதிர்வு. அரைகுறைக் கிரிம்ப் மேசைமேல் மாதக்கணக்கில் ஓடும். இந்தச் சூழலில் முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். அதுவும் சென்சார் ஒயரில் மோசம். ஃபேன் ஒயரிலாவது கொஞ்சம் மின்சாரம் ஓடுகிறது. சென்சாரின் சிக்னல் மெல்லிய படலத்தைக்கூட உடைத்துக்கொண்டு போகும் தெம்பில்லாதது.

சரி, அடிக்கிற முறைக்கு வருவோம். பின்னைச் சுருளிலிருந்து முன்னும் பின்னும் ஆட்டி முறிக்காதீர்கள், வால் அங்கேயே வளைந்துவிடும். சின்ன கட்டரால் வெட்டுங்கள். வாலில் துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் பின் ஹவுசிங்கில் முழுசாக உட்காராது, அரை மி.மீ.க்குள் நிறுத்துங்கள். ஒயரை இரண்டு, இரண்டரை மி.மீ. மட்டும் உரியுங்கள். பிளேடால் சுற்றி வெட்டினால் ஓர் இழையாவது போகும். ஏழு இழையில் ஒன்று போனால் ஏழில் ஒரு பங்கு செம்பு போச்சு. மெல்லிய ஒயருக்கென்று பள்ளம் உள்ள ஸ்ட்ரிப்பர் வாங்க டூலுக்குச் செலவழித்ததில் பாதிகூட ஆகாது, பலன் அதைவிடப் பெரிது. உரித்த பிறகு இழைகளை முறுக்கேற்றாதீர்கள், விரலால் ஒருதரம் ஒழுங்கு படுத்தினால் போதும்.

அடுத்தது டை. உங்கள் டூலின் வாயை வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளமும் ஒரே அகலத்தில் இருக்காது. ஒரு முகத்தில் குறுகலாகவும் மறுமுகத்தில் சற்று விரிந்து உருண்டையாகவும் படி வைத்திருக்கும். குறுகல் செம்புச் சிறகுக்கு, விரிந்தது தோல் சிறகுக்கு. ஒயர் எப்போதும் விரிந்த முகத்தின் வழியாக நுழைய வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செம்பு லூசாகவும் தோல் நசுங்கியும் போகும், டூலுக்குத்தான் திட்டு விழும். உங்கள் இரண்டாவது படத்தில் தோல் அறுபட்டுச் செம்பு எட்டிப்பார்ப்பதைப் பார்த்தால் நீங்களும் அப்படிச் செய்திருக்கலாம் என்று சந்தேகம். படம் மங்கல், அடித்துச் சொல்ல மாட்டேன். பள்ளத்தின் மேல் பொறித்திருக்கும் எண்ணையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். அது பொதுவான ஏதோ ஒரு பின்னுக்கான அளவு, உங்கள் பின்னுக்கு இல்லை. இரண்டு பள்ளங்களிலும் அடித்துப் பார்த்து எது சரியென்று முடிவு செய்யுங்கள்.

பின்னின் சிறகுகள் ‘m’ வளைவை நோக்கியும் முதுகு எதிர்ப்பக்கத்துக் குழியிலும் இருக்கும்படி வையுங்கள். பெட்டித் தலை டைக்கு வெளியே இருக்க வேண்டும். தலையின் ஓரம் கொஞ்சம் உள்ளே போனாலும் ஸ்பிரிங் நசுங்கும், எதிர்முனை அதில் நுழையாது. சிறகுகள் விரிந்து பள்ளத்தில் இறங்க மறுத்தால் நோஸ் பிளையரால் லேசாகக் கூட்டிவிடுங்கள், நசுக்காமல். பிறகு ராட்செட்டை ஒன்றிரண்டு ‘கிளிக்’ மட்டும் அமுக்கினால் பின் விழாமல் நிற்கும். அப்போதுதான் ஒயரை நுழைப்பது. ஒயரைப் பின்னில் வைத்து இரண்டையும் சேர்த்து டைக்குள் திணிக்கிறவர்களுக்கு மூன்று கை வேண்டும். செம்பு முனை முன்ஜோடியைத் தாண்டி ஒரு நூலளவு எட்டிப்பார்க்க வேண்டும், தோலின் ஓரம் இரண்டு ஜோடிக்கும் நடுவிலுள்ள சந்தில் தெரிய வேண்டும். அந்த நிலையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு, ராட்செட் தானாக விடும்வரை ஒரே மூச்சில் அமுக்குங்கள். பாதியில் நிறுத்தி, எடுத்துப் பார்த்து, மறுபடி அமுக்குவது வேண்டாம்.

ஹவுசிங்கில் தள்ளும்போது ‘டிக்’ என்று விரலில் தெரியும். தெரியாவிட்டால் முதுகிலுள்ள சின்ன நாக்கு படுத்துவிட்டது என்று அர்த்தம். ஊக்கு முனையால் அதை நெம்பி நிமிர்த்திவிடலாம், பின்னை வெளியே எடுப்பதற்கும் அதே ஊக்குதான். இரண்டு தடவைக்கு மேல் நிமிர்த்திய நாக்கை நான் நம்புவதில்லை.

இனி சோதனை. தொழிற்சாலையில் ஷிப்ட் தொடங்கும்போது சில மாதிரிகள் அடித்து, கிரிம்ப் உயரத்தைக் கூர்முனை மைக்ரோமீட்டரில் அளப்போம். 0.05 மி.மீ. கூடினாலும் குறைந்தாலும் மிஷினைத் தொட வேண்டியதுதான். உங்களிடம் அந்த மைக்ரோமீட்டர் இருக்காது, சாதாரண வெர்னியர் அடியிலிருக்கும் பிசிறையும் சேர்த்து அளந்து ஏமாற்றும். ஆனால் இழுப்புச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். யு.எல். 486ஏ தரநிலையை ஒட்டிக் கனெக்டர் தொழிலில் சொல்லப்படும் குறைந்தபட்ச இழுவிசை 28 ஏ.டபிள்யூ.ஜி.க்கு 2 பவுண்டு, 26க்கு 3, 24க்கு 5, 22க்கு 8. கிலோவில் சுமார் 0.9, 1.4, 2.3, 3.6. இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் இன்னும் ஒரு டம்ளர் தண்ணீரைப் பையில் கட்டிச் சேர்த்தால் 7/36 ஒயருக்கான எடை கிட்டத்தட்ட வந்துவிடும். பின்னின் தலையைச் சின்ன வைஸில் பிடித்து, ஒயரில் பாட்டிலை மெதுவாகத் தொங்கவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். உதறி இழுத்தால் கணக்கு வராது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோலைப் பிடிக்கும் பின்ஜோடியே எடையைத் தாங்கிவிட்டால் செம்புக் கிரிம்ப் எப்படி இருக்கிறது என்று தெரியாது. அதனால் சோதனைக்கு அடிக்கும் மாதிரிகளில் மட்டும் ஒயரை ஆறு ஏழு மி.மீ. உரித்து, பின்ஜோடிக்குள்ளும் வெறும் செம்பே இருக்கும்படி அடியுங்கள். அந்தப் பெரிய சிறகு ஏழு இழையை இறுக்கிப் பிடிக்காது, எடை முழுக்க முன்ஜோடிமேல் விழும். பத்து மாதிரியில் பத்தும் தாங்க வேண்டும். ஒன்பது தாங்கினால் தேர்ச்சி என்று வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு பெட்டியில் இருபது பின் இருக்கிறது.

மல்டிமீட்டரில் ‘பீப்’ வந்தால் சரி என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சத்தம் ஒயர் அறுந்திருக்கிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். மீட்டரின் சொந்த ஒயர்களே 0.1, 0.2 ஓம் காட்டும்போது, மில்லி ஓம் கணக்கிலுள்ள கிரிம்பை அது எப்படி எடைபோடும்? உங்களிடம் கரன்ட் லிமிட் வைக்கக்கூடிய பவர் சப்ளை இருந்தால் 1 ஆம்பியர் ஓடவிட்டு, கிரிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் ஒயரில் ஊசி குத்தி, அங்கிருந்து பின்னின் தலை வரை மில்லிவோல்ட் பாருங்கள். ஓர் ஆம்பியரில் ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மில்லி ஓம். நல்ல கிரிம்புகள் எல்லாம் சில மில்லிவோல்ட்டில், ஒன்றுக்கொன்று பக்கம்பக்கமாக நிற்கும். ஒன்று மட்டும் தனியாக எகிறினாலோ, ஒயரை ஆட்டும்போது எண் துள்ளினாலோ அதை வெட்டி எறிந்துவிடுங்கள். ஒப்பிட, மாட்டிய நிலையில் ஒரு எக்ஸ்.எச். இணைப்புக்குத் தயாரிப்பாளர் அனுமதிக்கும் ஆரம்ப மின்தடை அதிகபட்சம் 10 மில்லி ஓம்.

சால்டர் விஷயம். இங்கே ஆளுக்கொரு கட்சி, எனக்கும் ஒன்று உண்டு. உறுதியானதை முதலில் சொல்கிறேன்: இழைகளுக்குச் சால்டர் ஈயம் பூசிவிட்டு அதன்மேல் கிரிம்ப் செய்வது தப்பு. ஈயம் மெத்தென்றது, அமுக்கத்தில் மெல்ல மெல்ல நகர்ந்துகொடுக்கும், இன்றைக்கு இறுக்கமாக இருக்கும் பிடி நாளாக நாளாகத் தளரும். ஸ்க்ரூ டெர்மினலில் ஈயம் பூசிய ஒயரை முடுக்கினாலும் இதேதான், அங்கே ஃபெரூல் (ஒயர் முனையில் மாட்டி அமுக்கும் சின்ன உலோகக் குழாய்) போடுவதுதான் முறை. கிரிம்ப் செய்த பிறகு மேலே ஒரு சொட்டு வைப்பது பற்றித்தான் வாதம். நல்ல கிரிம்புக்கு அது எதையும் சேர்ப்பதில்லை. ஈயம் ஒயருக்குள் ஊறி மேலே ஏறி, ஊறல் முடிகிற இடத்தில் ஒயரை விறைக்க வைக்கிறது, அதிர்வில் ஒயர் அந்த இடத்தில்தான் ஒடியும். இத்தனை சின்னப் பின்னில் ஈயம் ஸ்பிரிங்குக்குள்ளும் ஓடிவிடும். அதே சமயம், கையில் சரியான டூல் இல்லாமல் அவசரத்துக்கு நான்கு பின் போட வேண்டியவர் நோஸ் பிளையரால் மடக்கி, கவனமாகச் சால்டர் வைத்து, ஆடாமல் கட்டிவைத்தால் வருடக்கணக்கில் ஓடுவதும் உண்டு. என் கடைக்கு வரும் பழைய போர்டுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் மாதம் பத்துப் பெட்டி விற்கிறவர் அதை முறையாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஜே.எஸ்.டி. என்று நாம் சொல்லும் பெயரின் விரிவே ‘ஜப்பான் சோல்டர்லெஸ் டெர்மினல்’தான், அந்த எக்ஸ்.எச். பின்னின் தலையில் போய் ஈயம் வைக்கிறோம்!

உங்கள் பெட்டியில் சால்டர் வைக்கலாம் என்று நானே சொல்லும் ஓர் இடம் உண்டு. சென்சார் மாட்யூலின் மூன்று ஊசிகளில் டூபான்ட் ஜம்பர் ஒயர் (ஊசியில் சும்மா செருகும் ரெடிமேட் ஒயர்) மாட்டியிருக்கிறீர்கள். அதற்குப் பூட்டு கிடையாது, ஃபேன் அதிர்வில் மெல்ல வெளியே நகரும். அந்த ரெடிமேட் ஜம்பர்களில் செம்பு பூசிய இரும்பு இழையும் வருகிறது, காந்தம் வைத்துப் பாருங்கள். மாட்யூல் பக்கம் ஒயரைப் போர்டிலேயே சால்டர் செய்து, ஸ்லீவ் போட்டு, ஒயரைப் பெட்டியோடு ஒரு கேபிள் டை போட்டுக் கட்டி நிறுத்துங்கள். மறுமுனையில் எக்ஸ்.எச். போதும்.

அப்படியானால் விலை கூடின டூல் வேண்டாமா? எக்ஸ்.எச். பின்னுக்கென்றே ஜே.எஸ்.டி. விற்கும் அசல் கைடூல் பல பத்தாயிரம் ரூபாய். ஒரே ஒரு பின் வகைக்குத்தான் ஆகும், அந்த வகைக்கு அதற்கு நிகர் இல்லை. உங்கள் அளவு வியாபாரத்துக்கு அது அதிகம். நடுவில், ஜப்பானின் எஞ்சினியர் பி.ஏ.-09 என்று ஒன்று இருக்கிறது. ராட்செட் இல்லாத சின்னப் பிளையர், 1.0, 1.4, 1.6, 1.9 மி.மீ. என்று நான்கு பள்ளம். செம்புச் சிறகைச் சின்னப் பள்ளத்திலும் தோல் சிறகைப் பெரிய பள்ளத்திலும் தனித்தனியாக அடிப்பதால், நம்மூர்க் கனமான தோல் ஒயருக்கு அது வளைந்துகொடுக்கிறது. நான் கடையில் அதைத்தான் அதிகம் எடுக்கிறேன். ஆனால் எவ்வளவு அமுக்குவது என்பது உங்கள் கையைப் பொறுத்தது, ஐம்பது பின் வீணாக்கிய பிறகுதான் கை பழகும். நீங்கள் வாங்கியிருக்கும் ராட்செட் வகை, ஒயரும் பின்னும் பொருந்திவிட்டால் நூறு பின்னையும் ஒரே மாதிரி அடிக்கும். அதன் கைப்பிடிக்கு நடுவில் பல்சக்கரம் மாதிரி ஒரு திருகு இருக்கிறது, அமுக்கம் கூட்டிக் குறைப்பதற்கு. ஒயரை மாற்றும்வரை அதைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

பின்கள் பற்றியும் கொஞ்சம். கடையில் எக்ஸ்.எச். என்று கொடுப்பதில் பல, பார்க்க அதே மாதிரியான நகல்கள். அசலின் பின் இடைவெளி 2.50 மி.மீ., நகல்கள் சில 2.54. இரண்டு மூன்று பின்னுக்கு வித்தியாசம் தெரியாது. பத்துப் பின் ஹவுசிங்கில் ஒன்பது இடைவெளிக்கு 0.36 மி.மீ. தள்ளிப்போய் இறுக்கும். ரெலிமேட் என்று நாம் வாங்குவது வேறு கனெக்டர் குடும்பம், அதன் பின்னை எக்ஸ்.எச். ஹவுசிங்கில் போட்டுக் கலக்காதீர்கள். நகல் பின்னுக்கு நான் மேலே சொன்ன வரம்புகள் அப்படியே பொருந்தும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ஒவ்வொரு புதுப் பாக்கெட்டுக்கும் அந்தப் பாட்டில் சோதனையைச் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

பாக்கெட்டுக்கு மட்டுமில்லை, ஒவ்வொரு புது ஒயர் சுருளுக்கும். கடை ஆரம்பித்த இரண்டாம் வருடம் மோட்டார் டைமர் நாற்பது செய்து கொடுத்தேன். பாதி வேலையில் ஒயர் தீர்ந்துபோய் வேறு கடையில் வாங்கினேன், அதே 14/38, அதே நீலம். மழைக்காலம் முடிவதற்குள் பதினொன்று திரும்பி வந்தது, எல்லாம் இரண்டாவது சுருளில் செய்தவை. உரித்து எண்ணினால் பதினாலுக்குப் பதில் பதினோரு இழை. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினேன், மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசியது. மேலே வெள்ளையாகவும் உள்ளே செம்பாகவும் இருந்தால் அது வெள்ளீய முலாம் பூசிய நல்ல செம்பு, தலைகீழாக இருந்தால் வாங்கின கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒன்பது வருடம் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்தவன் சுருள் மாற்றும்போது இழை எண்ணாமல் விட்டேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

பல்பு, ஹீட்டருக்குப் போகும் 230 வோல்ட் ஒயரையும் இதே சின்னக் கனெக்டரில் கொண்டுவர நினைத்தால் வேண்டாம். அதை ஃபெரூல் போட்டு ஸ்க்ரூ டெர்மினலில் முடுக்குங்கள், சென்சார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே விற்ற எட்டுப் பெட்டிகளை என்ன செய்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். முட்டை வைத்து ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் கை வைக்க வேண்டாம், நன்றாக இருக்கும் கிரிம்பும் ஆட்டத்தில் கழலலாம். குஞ்சு இறங்கி, பெட்டியைக் கழுவி வைக்கும் இடைவெளியில் போய் ஃபேன் ஒயரையும் சென்சார் ஒயரையும் முழுசாக மாற்றிவிடுங்கள். பழையதைச் சோதித்துப் பார்த்து விட்டுவைக்கிற வேலை வேண்டாம், ஒயர் செலவு ஒரு பெட்டிக்கு ஒரு டீ காசுகூட வராது. அதற்கு முன்னால் 7/36 வாங்கிப் பத்துப் பின் அடித்து, பாட்டில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு இரண்டு படம் போடுங்கள், ஒன்று மேலிருந்து, ஒன்று பக்கவாட்டில். கழன்ற முனை ஏதாவது இருந்தால் அதையும்.